மூன்று சான்றிதழ் இருக்கு, வேலை இல்லை: இந்தப் பயிற்சியால் யாருக்குப் பயன்?

கேள்வி, செங்கலடியிலிருந்து
2024 ஜூன் 2, இரவு 9.10

என் தம்பிக்கு 23 வயது. ஏ.எல். சரிவரவில்லை. கணினி, வீட்டு மின்னிணைப்பு, ஏசி-ஃபிரிட்ஜ் திருத்துதல் என்று மூன்று பாடநெறி முடித்துவிட்டான். மூன்று சான்றிதழும் ஃபைலில் இருக்கு, அவன் வீட்டில் இருக்கிறான். இப்போது சுயதொழில் பயிற்சி, ஐந்து நாள், மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று பெயர் கேட்கிறார்கள். இந்தப் பயிற்சி எல்லாம் பயிற்சி கொடுக்கிறவர்களுக்குத்தான் வேலை என்று நான் சொல்கிறேன். இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா?

2024 ஜூன் 2, இரவு 11.40

தங்கச்சி, கைதட்டு வாங்குகிற வசனம்தான். ஆனால் எனக்குக் கடையில் ஆள் இல்லையே. மட்டக்களப்புக் கல்லடியில் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை செய்கிறேன், பதினொரு வருஷமாகச் சொந்தக் கடை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் பாலத்தைக் கடந்தால் முகம் அவிகிறது, இன்றைக்கு மட்டும் இருபது அழைப்பு, போவதற்கு நானும் என் மச்சானும் மட்டும்தான். உங்கள் தம்பி ஏசி படித்துவிட்டு இங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர் சொச்சத்தில் சும்மா இருக்கிறான். அவனுக்கு வேலை இல்லை, எனக்கு ஆள் இல்லை. நடுவில் எங்கோ அறுந்து கிடக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், கண் சொக்குது.

2024 ஜூன் 3, காலை 6.15

முதலில் அந்தத் தாள்களை எடுத்துப் பாருங்கள், என்ன மட்டம் என்று போட்டிருக்கு? என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டம். நான்கு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஒருத்தன் பக்கத்தில் ஆள் நிற்காமல் தானே வேலையை முடிப்பான் என்று நம்பத்தக்கது மட்டம் 4. ‘பங்குபற்றினார்’ என்று பூப்போட்ட கலர் தாளில் அடித்துத் தருவது இதில் எதிலும் சேராது. நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாடநெறிக்குத் தனியாகத் தர அங்கீகாரம் இருக்கா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. சேர்கிற அன்று யாரும் கேட்பதில்லை, கூட்டாளி சேர்ந்தான், நானும் சேர்ந்தேன்.

என் கதையையும் சொல்கிறேன். ஓ.எல். முடித்து 2003ல் ஒரு கடையில் கையாளாகச் சேர்ந்தவன் நான். சான்றிதழ் எடுத்தது 2019ல்தான், அனுபவத்தை வைத்து மதிப்பிடும் முறையில். கடையில் பழகியவர்களைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து மட்டம் கொடுப்பார்கள். மதிப்பிட வந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். செம்புக் குழாய்க்கு ஃபிளேர் போடச் சொன்னார், அதாவது குழாயின் வாயை விரிக்க, போட்டேன். எண்ணெய் ஏன் பூசினீர்கள் என்றார். முழித்தேன். பதினாறு வருஷம் பூசியிருக்கிறேன், பாஸ் பூசினார், நானும் பூசினேன். படித்துவிட்டு வருகிற பையன்களை இளக்காரமாகப் பார்ப்பதை அன்றோடு குறைத்துக்கொண்டேன். கொஞ்சம்தான் குறைத்தேன்.

2024 ஜூன் 3, பகல் 1.05

தங்கச்சி பதில் போட்டிருக்கிறா. கணினிக்குக் கலர் தாள், மற்ற இரண்டும் மட்டம் 3. அப்ப பையன் வெறும் ஆள் இல்லை.

2024 ஜூன் 5, இரவு 10.20

நடுவில் அறுந்து கிடக்கிறது என்றேனே, அது என்ன என்று கேட்கிறார்கள். போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நிலையத்திலிருந்து ஆறு மாதத் தொழிலிடப் பயிற்சிக்கு ஒரு பையனை என்னிடம் அனுப்பினார்கள். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். கையில் தினக்குறிப்புப் புத்தகம், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனை. முதல் வேலை நாவற்குடாவில் ஒரு வீடு, ஏசி வெளிப்பெட்டியின் சுருள் கடல்காற்றில் பச்சை பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பையன் ஓட்டையை ஒட்டினான், சொன்னால் வெட்கம், என்னைவிடத் துப்புரவாக. சவர்க்கார நுரை போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். அப்புறம், குழாய்க்குள் நிற்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வெக்குவம் பம்பைத் தொடாமல் கேஸைச் சற்றே திறந்து, உள்ளே நின்ற காற்றை வெளியே தள்ளிவிட்டுப் பூட்டப் போனான். கையைப் பிடித்தேன்.

“எங்கட சென்டர்ல பம்ப் பழுது சேர், படத்திலதான் பாத்தம்.”

குழாய்க்குள் ஈரம் நின்றால் என்னாகும் என்று கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னான்: ஈரம் உறைந்து நுண்குழாயை அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்பிரசரைத் தின்னும். எல்லாம் சரி. வாய்க்குத் தெரிந்தது கைக்கு இன்னும் போய்ச்சேரவில்லை. பிறகு ஒருநாள் அந்த நிலையத்துக்குப் போனேன். பிள்ளைகள் பழக ஒரே ஒரு பழைய ஜன்னல் ஏசி. எத்தனை பேர் கழற்றிப் பூட்டினார்களோ, திருகாணிகளின் தலை தேய்ந்து வழுவழு என்று இருக்கு, எந்த ஸ்குரூ டிரைவரும் பிடிக்காது. உள்ளே கேஸும் இல்லை, கோளாறும் இல்லை. கோளாறே இல்லாத மெசினில் எதைக் கண்டுபிடிப்பது?

சரி, பம்ப் பிடிக்கப் பழக்க எனக்கு இரண்டு நாள் போதும், அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன். வேலை முடிந்ததும் வீட்டுக்கார அம்மா “எவ்வளவு மனே?” என்று அவனிடம்தான் கேட்டா, நான் வேண்டுமென்றே வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். பையன் நிலத்தைப் பார்த்தான், கையைத் துடைத்தான், கடைசியில் “நீங்க பாத்துத் தாங்கம்மா” என்றான். அவ ஆயிரம் ரூபாய் நீட்டினா. போட்ட கேஸே அதைப்போலப் பல மடங்கு. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் நிற்பது, விலை சொல்வது, பூட்டிய மெசின் மூன்றாம் நாள் திரும்ப நின்றுவிட்டால் முகம் கொடுத்துப் பேசுவது, இதெல்லாம் தினக்குறிப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. யாராவது ஒருத்தரின் பின்னால் ஆறு மாதம் பை தூக்கினால்தான் வரும்.

2024 ஜூன் 5, இரவு 10.32

அந்தப் பையன் இப்போது கட்டாரில். நன்றாக இருக்கிறான். நான் பழக்கினேன், கட்டார்க்காரன் கூட்டிப்போனான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையில்லை.

2024 ஜூன் 9, மாலை 4.00

அந்த ஐந்து நாள் பயிற்சிக்கு வருவோம். நான் 2013ல் கடை போடுமுன் அப்படியொன்றுக்குப் போனவன். ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பு உருவாக்கி நாடு நாடாக நடத்துகிற வியாபாரப் பயிற்சி, பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குறை சொல்லமாட்டேன், வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே பையில் இருக்கக்கூடாது என்று அங்கேதான் படித்தேன், அதற்காகவே கும்பிட வேண்டும். என் பாஸ் அறுபது வயது வரைக்கும் ஒரே பைதான், கடைசியில் கடை எது வீடு எது என்று அவருக்கே தெரியாமல் போனது.

ஆனால் கடைசி நாள் எல்லாரும் வியாபாரத் திட்டம் வாசித்தோம். இருபத்திரண்டு பேர். ஒன்பது கோழி, ஆறு தையல், நான்கு மிளகாய்த்தூள் பொதி, இரண்டு காளான், நான் ஏசி. கோழிக்காரர் ஒன்பது பேரும் பக்கத்துப் பக்கத்துக் கிராமம். யாருக்கு முட்டை விற்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகும் இதுதானே நடந்தது. 2005 முழுக்க நாங்கள் உப்புத்தண்ணீர் ஏறிய ஃபிரிட்ஜ் கழுவிக்கொண்டிருந்தோம், தெருவில் நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு தையல் மெசின் இறக்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு சட்டை போடுவதற்கு ஊரில் ஆள் வேண்டாமா?

அடுத்தது கடன். வங்கிக்குப் போனேன். திட்டம் நல்லாயிருக்கு, இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை கொண்டுவாருங்கள் என்றார்கள். அரசாங்க வேலையை நம்பாதே, சொந்தக் காலில் நில் என்று ஐந்து நாள் படிப்பித்துவிட்டு, ஆறாம் நாள் அரசாங்க வேலைக்காரர் இரண்டு பேரின் காலில் விழ அனுப்புகிறார்கள். எனக்குக் கையெழுத்து வைக்க ஒரு மாமா கிடைத்தார், இன்னொரு கையெழுத்துக்கு நான்கு மாதம் அலைந்தேன். அலைய முடியாதவர்கள் வாசலுக்கு வருகிற நுண்கடனை எடுத்தார்கள், அதன் கதை உங்களுக்குத் தெரியும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனை 2018ல் அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டி வந்ததே, அந்த அளவுக்குப் போனது.

2024 ஜூன் 10, இரவு 8.45

அரசாங்க வேலைக்காரரை நக்கல் அடிக்கிறேன் என்று இரண்டு பேர் ஏசியிருக்கிறார்கள். பட்டதாரிகளுக்குத் தொழில் செய்ய உடம்பு வணங்காது என்று இன்னொருவர் எனக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார், அந்த ஆதரவு எனக்கு வேண்டாம்.

என் சொந்தத் தங்கச்சி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த கலைப் பட்டதாரி. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலை கேட்டுப் பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தார்களே, அதில் அவளும் ஒருத்தி. இரவு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வெயிலில் முகம் கறுத்துப்போய், “அண்ணா, நான் படிச்சது பிழையா?” என்று கேட்டாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இடியப்பப் பார்சலைத்தான் நீட்டினேன். 2020ல்தான் பயிலுனராக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய்.

இப்போது அவளுக்கு ஒரு செயலகத்தில் என்ன வேலை தெரியுமா? சுயதொழில் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது! செங்கலடித் தங்கச்சி சொன்ன வசனத்தை வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “அண்ணா, நாங்க மேல அனுப்புற ஃபோம்ல எத்தனை பேர் வந்தாங்க எண்டு கட்டம் இருக்கு. ஆறு மாசத்துக்குப் பிறகு என்ன செய்யிறாங்க எண்டு கட்டம் இல்ல. கட்டம் இல்லாததைப் பார்க்கப் போறதுக்கு பெற்றோல் காசு தரமாட்டாங்க” என்றாள். அவள் தன் காசில் போய்ப் பார்த்த வீடுகளும் உண்டு. ஒரு வீட்டில் கொடுத்த தையல் மெசின் மேல் டிவி வைத்திருந்தார்களாம்.

2024 ஜூன் 16, பகல் 12.30

நாட்டில் வேலையின்மை ஐந்து சதவீதம்கூட இல்லை, இவ்வளவு பதற்றம் எதற்கு என்று ஒருவர் கணக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஐயா, அந்தக் கணக்கெடுப்பில் குறித்த ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்தவனும், சம்பளமில்லாமல் குடும்பக் கடையில் நின்றவனும் வேலையுள்ளவன்தான். மாமாவின் வயலில் ஒரு காலை நேரம் வரம்பு கட்டினால் அந்த வாரம் தப்பினீர்கள். அப்படி எண்ணியும் 15 முதல் 24 வயதுக்காரரில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வேலையில்லாமல் நிற்கிறார்கள். வயல் வேலையும் முந்தியதுபோல் இல்லை. வெட்டு மெசின் வந்து பத்துப் பேரின் வேலையை அரை நாளில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது.

மருதமுனைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் கைத்தறியைப் பற்றி எழுதியிருந்தார், கட்டாயம் வாசியுங்கள். நூல் விலை ஏறியது ஒரு பக்கம், பையன்கள் தறியில் உட்கார மாட்டேன் என்பது மறுபக்கம். அவர் மகனே கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறானாம். “என்னால அவனுக்குப் பிழை சொல்ல ஏலாது, நானே தறிச் சத்தத்துல காது கேக்காம இருக்கன்” என்று முடித்திருந்தார்.

2024 ஜூன் 23, இரவு 9.55

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மண்டூரிலிருந்து ஒரு பிள்ளை தனியாகச் செய்தி போட்டாள். மின்னியல் மட்டம் 4. பின்னால் பை தூக்கினால் பழகலாம் என்று எழுதினீர்களே அண்ணா, நானும் வரலாமா என்று கேட்டிருந்தாள். முதலில் தூரத்தைக் காரணம் சொன்னேன். காலையில் பாதை ஏறிக் குருமண்வெளிக்கு வந்து (தெரியாதவர்களுக்கு, பாதை என்றால் இங்கே ஆற்றைக் கடக்கும் மிதவை) அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லடி வர எத்தனை மணியாகும், இரவு வேலை வந்தால் எப்படித் திரும்புவாய் என்றெல்லாம் கேட்டேன். மண்முனைப் பாலம் 2014ல் வந்து கொக்கட்டிச்சோலைக்காரருக்கு விடிந்தது, உங்களுக்கு இன்னும் விடியவில்லையே என்று ஒரு பகிடியும் விட்டேன். அவள் ஒரு வரி எழுதினாள்: “தங்கி நிக்க எனக்குக் கல்லடியில பெரியம்மா வீடு இருக்கு.”

அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பதினொரு வருஷத்தில் ஒரு பெண்பிள்ளையையும் நான் எடுத்ததில்லை. கூரையில் ஏறவேண்டும், ஊர் என்ன சொல்லும், வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று மனதுக்குள் அடுக்கினேன். எல்லாம் என் பயம்தான், அவளுடையது இல்லை. இந்த இழையில் சட்டம்பியார் (வாத்தியார்) மாதிரி எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

கடைசியில் பேசிப் பேசி ஒரு இடத்துக்கு வந்தோம், நல்ல முடிவு என்று சொல்ல வரவில்லை. எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது அவளுக்குத் தெரியும். என் கடைக்கு வரும் எரிந்த ஃபேன் மோட்டார்களை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை சுற்றித் திருப்பி அனுப்புகிறாள். அவள் இருக்கிற படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரை) நீர்ப்பம்பு இல்லாத தோட்டம் குறைவு, அவளுக்கு அங்கேயும் வேலை வரும். முதல் தடவை அனுப்பிய ஐந்தில் ஒன்று புகைந்தது. நான்கு ஓடுகிறது.

2024 ஜூலை 7, காலை 7.30

திருத்தம். இடையில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, கடனும் வேண்டாம் கதையும் வேண்டாம், பயிற்சி முடித்தவன் கையில் சாமான் பெட்டியைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். அதைத் திருப்பி எடுக்கிறேன். வெக்குவம் பம்ப், மெனிஃபோல்ட் கேஜ், ஃபிளேர் செட், கிளாம்ப் மீற்றர், டோர்ச் என்று எடுத்தால் இன்றைய விலைக்கு ஒரு லட்சத்தைத் தொடும், 2022ல் டொலர் ஏறியபோது ஏறிய விலை முழுசாக இறங்கவில்லை. அவ்வளவையும் ஒருத்தனிடம் நானே கொடுத்துப் பார்த்தவன் என்பதை வசதியாக மறந்துவிட்டேன், மச்சான் ஞாபகப்படுத்தினான். மூன்றாம் மாதம் அது அடகுக் கடையில் இருந்தது. தாய்க்கு ஒப்பரேஷன். அவன் கள்ளன் இல்லை, அந்த வீட்டில் காசாகக்கூடிய பொருள் வேறெதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சாமான் கடைப் பெயரில்தான், வேலைக்கு எடுத்துப் போகலாம், ஒவ்வொரு வேலைக்கும் 500 ரூபாய் கழிப்பேன், விலை முடிந்ததும் அவனுடையது. இது அடிமை ஒப்பந்தம் என்று ஒரு தம்பி எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும்.

2024 ஜூலை 14, இரவு 11.10

செங்கலடித் தம்பி வந்துவிட்டான். திங்கட்கிழமை அக்காதான் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறா. முதல் நாள் ஒன்பது மணிக்கு வந்தான், ஏழரைக்கு வா என்றேன். இரண்டாம் நாள் ஏழே காலுக்கு வந்து பூட்டின கடை முன் நின்றான். மூன்றாம் நாள் வரவில்லை. சரி, போய்விட்டான் என்று மச்சானிடம் சொன்னேன், மச்சான் நூறு ரூபாய் பந்தயம் கட்டினான். நான்காம் நாள் வந்தான், வெளிப்பெட்டி தூக்கித் தோள் பிடித்துக்கொண்டதாம். நூறு ரூபாய் போச்சு. சாப்பாடும் பஸ் காசும் நாளுக்கு 1,200ம் கொடுக்கிறேன். கூட இல்லை என்று எனக்கே தெரியும்.

பேச்சு மிகக் குறைவு. ஆனால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் கதவு ரப்பரைச் சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தியதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தானே கேத்திலைக் கொதிக்க வைத்திருந்தான்.

2024 ஓகஸ்ட் 4, மாலை 6.40

இன்று மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா. கடை பூட்டு. நான் குடும்பத்தோடு அமிர்தகழியில் சனத்துக்குள் நசிந்துகொண்டு நிற்கிறேன், ஃபோன் அடிக்கிறது. ஆரையம்பதியில் ஒரு வீட்டில் ஏசியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம். மச்சானும் இங்கேதான். செங்கலடித் தம்பியைக் கேட்டேன், போறேன் என்றான். தனியாக அவன் போகிற முதல் வேலை.

அரை மணித்தியாலத்தில் அவனே எடுத்தான். வடிகுழாய் அடைப்பாம், எடுத்துவிட்டானாம், ஃபில்டரையும் கழுவினானாம். நாதஸ்வரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சரி சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணா, அவ காசு கேக்கிறா. எவ்வளவு சொல்ல?”

வாய்வரை வந்த தொகையை விழுங்கினேன். நீ என்ன நினைக்கிறாய் என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“மூவாயிரம்?”

“அதை என்னட்டச் சொல்லாத. அவட்டப் போய்ச் சொல்லு.”